காலை எடுத்தால் வால் திரும்பும் காடி

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை மழையில், ஜொகூரின் தெப்ராவ் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவு ஒன்றில் என் மாமா ஓட்டிய சின்னக் காடியின் பின்பக்கம் சட்டென்று வெளியே வீசியது. முட்டவில்லை, மோதவில்லை. காடி சாலையின் குறுக்கே ஒரு நொடி நின்றது போலிருந்தது, பிறகு தானே நேரானது. மாமா ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: “வேகமா வந்துட்டேன்னு பயந்து எண்ணெயிலேருந்து காலை எடுத்தேன். மெதுவாப் போகணும்னுதானே எடுத்தேன்! அதுக்கு ஏன்டா பின்னால திரும்புச்சு?”

கேள்வி நியாயமானது. வேகத்தைக் குறைப்பது பாதுகாப்பு என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக்கைக்கூட அவர் தொடவில்லை. வெறுமனே காலைத் தளர்த்தினார். அதற்குப் போய் ஒரு காடி ஏன் முதுகைக் காட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு உலகிலேயே அதிகம் பெயர்போன ஒரு காடிக் குடும்பம் உண்டு. 1980களிலும் 90களிலும் பிரான்சிலிருந்து வந்த சின்ன, வேகமான ஹேட்ச்பேக்குகள்: பெஜோ 205 ஜிடிஐ, ரெனோ 5 ஜிடி டர்போ, ரெனோ கிளியோ வில்லியம்ஸ், சித்ரோயென் ஏஎக்ஸ் ஜிடி. ‘ஹாட் ஹேட்ச்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வீட்டுச் சாமான் வாங்கப் போகும் காடிக்குள் பந்தயக் காடியின் மனசை வைத்தது போன்ற வண்டிகள். இன்று அவற்றை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ‘எது சிறந்தது’ என்ற பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: வளைவில் காலை எடுத்தால் எந்தக் காடி எப்படி நடந்துகொள்கிறது?

நம் நாட்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு. 1996இல் வந்த புரோட்டோன் தியாரா, சித்ரோயென் ஏஎக்ஸின் மலேசிய வடிவம்தான். 2006இல் வந்த நாசா 206 பெஸ்தாரி, பெஜோ 206தான். இரண்டிலும் இஞ்சின் சாதுவானது. ஆனால் குனிந்து பின்சக்கரங்களுக்கு இடையே பார்த்தால், 205 ஜிடிஐயில் இருக்கும் அதே அமைப்பு தெரியும். காடியின் குறுக்கே ஒரு குழாய், அதன் இரு முனையிலும் பின்னோக்கி நீளும் ஒரு கை, கையின் நுனியில் சக்கரம். சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே கிடக்கும் இரும்புக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும். இவற்றை முறுக்குத் தண்டு என்றும், அந்தக் கையைப் பின்னிழு கை என்றும் வைத்துக்கொள்வோம்.

மாமாவின் கேள்விக்குப் பதில் தேட, முதலில் ஒரு சாம்பான் படகில் ஏற வேண்டும்.

தெப்ராவ் ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஒரு படகோட்டியை நினைத்துப் பாருங்கள். எதிர்க்கரையில் நேர் எதிரே இருக்கும் படித்துறைக்குப் போக வேண்டும். அவர் படகின் மூக்கைப் படித்துறைக்கு நேராக வைப்பதில்லை, நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றே திருப்பி வைக்கிறார். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் போகும். பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் நடுவே ஒரு சிறு கோணம்.

வளைவில் திரும்பும் டயரும் அப்படித்தான். சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது, காடி சற்று வேறு திசையில் நகர்கிறது. டயர் வழுக்கிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். அந்தத் தொடுபரப்பில் உள்ள ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே உள்ள சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறது. ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய ரப்பர் திரும்பி நேராக முயலும் விசைதான் காடியை வளைவில் உள்நோக்கி இழுக்கிறது. இந்தக் கோணத்தை நழுவுகோணம் என்போம். கோணம் கூடக்கூட இழுப்பும் கூடும், ஓர் எல்லை வரைக்கும். சாதாரண டயரில் அந்த எல்லை சில பாகைகளிலேயே வந்துவிடும். அதற்கு மேல் ரப்பர் தரையை விட்டுவிட்டு வழுக்கத் தொடங்கும்.

இப்போது சுலபமாகத் தோன்றும் இந்த எண்ணம், காடி பிறந்து வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. சக்கரம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் போகும் என்றே பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். 1925இல் ஜார்ஜ் புரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர்தான், முன்சக்கரங்கள் கிடுகிடுவென்று ஆடும் ‘ஷிம்மி’ என்ற தொல்லைக்குக் காரணம் தேடும்போது, டயர் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே உருளுகிறது என்று எழுதினார். 1930களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி இதை வைத்து, ஒரு காடி ஏன் அடங்குகிறது, இன்னொன்று ஏன் அடம்பிடிக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டினார். முன்சக்கரங்களின் நழுவுகோணம் பின்சக்கரங்களினதைவிடப் பெரிதானால், காடி வளைவை விட்டு நேராகப் போகப் பார்க்கும். இதை முன்நழுவல் எனலாம். பின்சக்கரங்களின் கோணம் பெரிதானால், பின்பக்கம் வெளியே வரும். அது பின்நழுவல். மாமாவுக்கு நேர்ந்தது இரண்டாவது.

1935இல் குட்இயர் கம்பெனியின் ஆர். டி. எவன்ஸ் டயரின் இந்தப் பக்கவாட்டு இழுப்பை அளந்து எண்களாக வெளியிட்டார். சுழலும் பெரிய இரும்பு உருளைமேல் டயரை அழுத்தி, சற்றே கோணலாக வைத்து, அது எவ்வளவு விசையோடு பக்கவாட்டில் இழுக்கிறது என்று தராசில் பார்ப்பதுதான் அந்தக் காலத்து முறை. இன்றைக்கும் டயர்ச் சோதனைக்கூடத்தில் அடிப்படை அதேதான்.

அடுத்த படி இன்னும் சுவையானது. அதை அளந்து பார்த்ததில் நம் தோட்டத்துப் பாலுக்கும் பங்கிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உராய்வு விதி படித்திருப்போம். சுமையை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். 1699இல் கியோம் அமோன்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தது. மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் சரிவரும். காரணம், கரடான இரண்டு பரப்புகள் தொடும்போது அவற்றின் மேடுகளின் நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. சுமையைக் கூட்டினால் புதுப்புது மேடுகள் தொடும். தொடும் இடம் சுமைக்கு ஏற்ப வளரும்.

ரப்பர் அப்படியல்ல. அது மெத்தென்றிருப்பதால், கொஞ்சம் சுமை வைத்தாலே மேடுகளின் மீது கவிந்து படிந்துவிடும். மேலும் சுமை வைத்தால் தொடும் இடம் கூடும்தான், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. 1946இல் தீரியோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், சுமை கூடக்கூட ரப்பரின் உராய்வு விகிதம் குறைவதை அளந்து காட்டினார். 1952இல் அடால்ஃப் ஷல்லமாக் அதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். உருண்டையான ஒரு ரப்பர் நுனியைத் தட்டையான பரப்பில் அழுத்தினால், சுமையை 8 மடங்காக்கியும் பிடிமானம் 4 மடங்குதான் ஆகும். அவர் வேலை செய்த இடம் இங்கிலாந்தில் இருந்த பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம், 1938இல் தொடங்கியது. அதை நடத்திய பணம் மலாயா ரப்பரின் மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. அதே ஆய்வுக்கூடம் இன்று துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்ற பெயரில் ஹெர்ட்ஃபோர்ட் அருகே மலேசியாவின் உடைமையாக நடக்கிறது.

இதை முதலில் படித்த நாளில் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜொகூரில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார்களின் வாளியிலிருந்து ஒரு சொட்டு, ரப்பர் எப்படித் தரையைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடையாகப் போயிருக்கிறது. தாமான்களும் பேரங்காடிகளுமாக நிற்கும் இந்தப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதி ஒருகாலத்தில் தோட்டம்தான்.

வாளி என்றதும் அதையே உவமையாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறார்கள். ஒருவர் தம் வாளியையும் மற்றவரிடம் கொடுத்துவிட்டால், தூக்கும் சுமை மொத்தத்தில் மாறவில்லை. ஆனால் இரண்டு வாளி தூக்கியவர் சீக்கிரம் களைப்பார், வெறுங்கையோடு நடப்பவர் எதற்கும் உதவ மாட்டார். டயர்களும் அப்படியே. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் சமமாகச் சுமந்தால் மொத்தப் பிடி அதிகம். வளைவில் காடி சாயும்போது உள்பக்கச் சக்கரத்தின் சுமை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. பிடியில் வெளிச்சக்கரம் பெறுவதைவிட உள்சக்கரம் இழப்பது அதிகம். அச்சின் மொத்தப் பிடி குறைகிறது.

205 ஜிடிஐயை உருவாக்கியவர்கள் இந்த விதியை மனத்தில் வைத்தே விளையாடினார்கள். முன்சக்கரங்களால் ஓடும் காடியில் இஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால்தான். மூக்கு கனமானது. அப்படியே விட்டால் வளைவில் முன்பக்கம் முதலில் களைத்து நேராகப் போகும், சலிப்பான முன்நழுவல். அதைச் சரிசெய்ய, காடி சாயும்போது பின் அச்சு அதிகமாக எதிர்த்து நிற்கும்படி இறுக்கினார்கள். அதனால் சாய்வின் சுமையில் பெரும்பங்கைப் பின்னச்சு வாங்கிக்கொள்ளும். பின்பக்க உள்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். 205 மூன்று காலில் வளைவெடுக்கும் பழைய படங்கள் பல உண்டு, பார்த்திருப்பீர்கள். பின் அச்சின் முழுச்சுமையும் ஒரே வெளிச்சக்கரத்தில். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் களைக்கும்படி சமன்செய்தாயிற்று. காடி கத்தி போல வளைவுக்குள் நுழையும். ஓட்டுபவர் சொர்க்கத்தில் இருப்பார், காலை எடுக்காத வரைக்கும்.

எடுத்தால் என்ன ஆகும்?

காலை எடுத்ததும் இஞ்சின் காடியை இழுப்பதை விட்டு, பிடித்து நிறுத்தத் தொடங்குகிறது. காடி லேசாக மூக்கைக் குனிகிறது. குனிவது என்றால், பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்குக் கொஞ்சம் சுமை போகிறது. இதைச் சுமைப்பெயர்வு எனலாம். எவ்வளவு போகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.6 லிட்டர் 205 ஜிடிஐயின் எடை 850 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்து 920 என்று வையுங்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 2.42 மீட்டர். காடியின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், காலை எடுத்ததால் காடி புவியீர்ப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வேகம் இழப்பதாகவும் கொண்டால், பின்னாலிருந்து முன்னால் போவது ஏறக்குறைய 27 கிலோ. பின் அச்சில் இருப்பது மொத்தமே 340 கிலோ சொச்சம்தான். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு நொடிக்குள் கைமாறுகிறது. ஓர் அரிசி மூட்டையைப் பின்சீட்டிலிருந்து தூக்கி முன்னால் போட்டது போல.

பிடியின் விளிம்பில் நடந்துகொண்டிருந்த பின்சக்கரத்துக்கு இந்த ஒரு மூட்டை போதும். அதேநேரம் முன்சக்கரங்களுக்கு இரட்டை லாபம். சுமை கூடியதால் பிடி கூடுகிறது. அத்தோடு, அதுவரை காடியை இழுப்பதற்குச் செலவான பிடியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. டயரின் பிடியை மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளலாம். வாடகைக்குப் போனது வாடகைக்கு, மிச்சம்தான் சமையலுக்கு. இழுப்பது வாடகை, திரும்புவது சமையல். வாடகை குறைந்த மாதம் சமையல் தாராளமாக நடக்கும். ஆக முன்பக்கம் வளைவுக்குள் இன்னும் வலுவாக இழுக்கப்படுகிறது, பின்பக்கம் பிடியை விடுகிறது. நீளமான மரத்தை இருவர் தோளில் சுமந்து திரும்பும்போது முன்னால் இருப்பவர் வேகமாகத் திரும்ப, பின்னால் இருப்பவர் காலிடறினால் மரம் சுழலும் அல்லவா? அதுதான் நடக்கிறது.

மாமாவின் பயம்தான் அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டது. மழை டயரின் பிடியைக் குறைத்திருந்ததால் விளிம்பும் முன்கூட்டியே வந்துவிட்டது.

இதே விதியை வைத்து இந்தக் காடிகளை ஒப்பிட்டால் பழைய வாக்குவாதங்கள் பல தெளிவாகின்றன. 205 ஜிடிஐ 1984இல் 105 குதிரைத்திறனோடு வந்தது. 1986இல் அது 115 ஆனது, கூடவே 130 குதிரைத்திறன் கொண்ட 1.9 லிட்டர் மாதிரியும் வந்தது. ‘1.6தான் இனிமையானது, 1.9 கடிக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய இஞ்சின் காலை அழுத்தும்போது வலுவாக இழுக்கும், எடுக்கும்போது வலுவாகத் தடுக்கவும் செய்யும். அப்போது பெயரும் மூட்டை சற்றுக் கனமாக இருக்கும். 1.6 சுற்றுவதற்கு ஆசைப்படும் இஞ்சின், அதன் போக்கு படிப்படியானது. என்னைக் கேட்டால் 1.6தான். ஒரு காடியை நேசிக்க வேண்டுமானால், மனம் மாறுவதற்கு முன் அது நமக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

1985இல் வந்த ரெனோ 5 ஜிடி டர்போவின் கதை வேறு. அதன் இஞ்சின் 1397 சிசி, அடிப்படை வடிவம் 1962ஐச் சேர்ந்தது. அதன்மேல் ஒரு டர்போவை ஏற்றி 115 குதிரைத்திறன் எடுத்தார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழலும் காற்றாடி, இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வளைவில் காலை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று எல்லாம் நடக்கும். முன்சக்கரங்களுக்கு வாடகை ஒரே நாளில் இரட்டித்துவிடும், காடி நேராகப் பாயும். பயந்து காலை எடுத்தால் வாடகை ஒரேயடியாக இல்லாமல் போகும், மூக்கு உள்ளே பாயும். 205இல் ஒரே ஒரு மாற்றம் நடக்கும் இடத்தில் இதில் இரண்டு நடக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் இதை வைத்திருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டி நிறுத்திய சூட்டில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, உடனே ஸ்டார்ட் ஆகாது. இதற்காகவே கார்புரேட்டருக்குக் காற்றடிக்கத் தனியாக ஒரு சிறு காற்றாடி வைத்திருந்தார்கள். குளிர்நாட்டிலேயே தேவைப்பட்டது என்றால் ஜொகூரைச் சொல்ல வேண்டுமா?

1993இன் கிளியோ வில்லியம்ஸ் இதற்கெல்லாம் பதில் போல வந்தது. டர்போ இல்லாத 2 லிட்டர் இஞ்சின், ஏறத்தாழ 150 குதிரைத்திறன். முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினார்கள். முன்னச்சில் சாய்வால் பெயரும் சுமை குறைந்தது, முன்பக்கப் பிடி வளர்ந்தது. பின்பக்கத்தைப் பயமுறுத்தித்தான் சமன்செய்ய வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. ஆகவே அதில் காலை எடுத்தால் பின்பக்கம் வரும், ஆனால் கேட்டு வரும். எடை ஏறத்தாழ 990 கிலோ. 205ஐவிடக் கனம்தான், இருந்தாலும் மூன்றில் எதை மழையில் ஓட்டுவாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பின்னாளில் இந்த ஆபத்தையே எடுத்துவிட்டார்கள். 1995இல் மெர்சிடிஸ் காடியில் வந்த ‘இஎஸ்பி’ எனும் நிலைகாப்பு அமைப்பு, ஸ்டியரிங் எந்தப் பக்கம் கேட்கிறது, காடி உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்று இரண்டையும் அளந்து, பொருந்தாவிட்டால் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் போடும். பின்பக்கம் வெளியே வந்தால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். மாமாவின் கேள்வி இன்றைய பிள்ளைகளுக்கு எழாமல் போனதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் பழைய காடி வைத்திருப்பவருக்கு அந்தக் காவலன் கிடையாது. அவருக்கு இருப்பது பின்னச்சின் நலம் மட்டும். அதில்தான் இந்தக் குடும்பத்தின் பெரிய பலவீனம் இருக்கிறது. பின்னிழு கைகள் குழாய்க்குள் ஊசி பேரிங்குகளின்மேல் சுழல்கின்றன. பென்சில் ஈயம் போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக அடுக்கியிருக்கும். ரப்பர் மூடி பழுதானதும் மழைநீர் உள்ளே போகும், துரு பிடிக்கும், உருளைகள் மாவாகும். கை சாய்ந்து, பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும். வளைவில் ஓட்டுபவர் உணரும் முதல் அறிகுறி, காலை எடுத்ததும் பின்பக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வருவது. எல்லாம் 205இன் குணம் என்று பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பாதி குணம்தான், மீதி துரு. இந்த அமைப்புள்ள எந்தப் பழைய காடிக்கும் இது பொருந்தும், நம் ஊர்த் தியாராவுக்கும் பெஸ்தாரிக்கும்கூட.

சோதிக்க ஜாக்கியும் ஒரு ஜோடிக் கைகளும் போதும். பின்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் சக்கரப் பேரிங்கைப் பார்க்க வேண்டும், அது நன்றாயிருந்தும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால் குழாய்க்குள்தான் வேலை. சமதரையில் நிறுத்தி, பத்தடி பின்னால் போய்க் குந்திப் பாருங்கள். இரண்டு சக்கரமும் முட்டியைச் சேர்த்து நிற்பது போல் தெரிந்தால், பொமெனிடம் சொல்லிக் கையைக் கழற்றச் சொல்லுங்கள். வெளியே கொட்டும் பழுப்புத் தூளைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றிருக்கும். புது ஊசிகளை அடுக்கி, கொழுப்பு தடவி, மூடியை மாற்றிப் பூட்டிய பிறகு, அதே வளைவில், காய்ந்த சாலையில், அளவான வேகத்தில், காலை மெல்ல எடுத்துப் பாருங்கள். மூக்கு கொஞ்சம் உள்ளே வரும். பின்பக்கம் உங்கள் இடுப்பின் வழியாகத் தன்னை அறிவித்துவிட்டு அங்கேயே நிற்கும்.